கண்டிப் பிரதேசத்திற் காவல் நாய்கள்: இனமும் பயிற்சியும்

கண்டி நகரின் அஸ்கிரியப் பகுதியில் இலங்கைப் பொலிஸின் நாய்ப் பிரிவு அமைந்துள்ளது. 1948ஆம் ஆண்டில், அதாவது நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், இப்பிரிவு தோற்றம் பெற்றது. அக்காலத்திற் பொலிஸ் மா அதிபராக இருந்தவர், அப்பதவியை ஏற்ற முதல் இலங்கையரான சேர் றிச்சட் அலுவிகார ஆவார். இன்று கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மதில் சூழ்ந்த இல்லங்களின் வாயில்களில் நாய் பற்றிய எச்சரிக்கைப் பலகை தொங்குவது வழக்கமான காட்சியாகும். காவலுக்குச் சிறந்த நாயினம் எது என்ற வினா அவ்வில்லங்களில் அடிக்கடி எழுகின்றது. அவ்வினாவிற்கு விடை காண்பதற்கு நாய்களின் உயரத்தையும் நிறையையும் ஒப்பிடுவது மட்டும் போதுமா? யாரை, யாரிடமிருந்து காப்பதற்காக ஒவ்வோர் இனமும் இம்மலைநாட்டிற்கு வந்து சேர்ந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

நாயைக் காவலுக்கு வைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, சங்கிலியாற் பிணிக்கப்பட்ட நாய்கள் காக்கும் எயினர் மனையைக் காட்டுகின்றது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல் இதனினும் சிறந்த சான்றாகும். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், எருமைகளைக் காக்கும் பூசலில் மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்டது. அவனுடைய நாயின் உருவமும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் இரு கள்வரைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டுக் கூறுகின்றது. நாயின் பெயரையும் செயலையும் பதிவு செய்த அக்கல்வெட்டு அதன் இனத்தைக் குறிப்பிடவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. அக்காலத்தவர் மதித்தது நாயின் பிறப்பை அன்று; அதன் செயலையே ஆகும்.

கண்டி இராச்சியத்தை நோக்கின், அதன் காவல் மலைகளையும் காடுகளையும் ஆறுகளையும் சார்ந்திருந்தது. 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு 1679ஆம் ஆண்டு தப்பிச் சென்ற ஆங்கிலேயரான றொபேர்ட் நொக்ஸ், வழிகளை மறித்து நின்ற முட்கதவுகளையும் அங்கு நிறுத்தப்பட்ட காவலரையும் தமது நூலில் விவரித்துள்ளார். கடவத்தை என்னும் இடப்பெயர் அத்தகைய வாயில்களை இன்றும் நினைவூட்டுகின்றது. அந்நாளைய காவல், ஊரும் அரசும் கூடி ஆற்றிய கடமையாக இருந்தது.

1815ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. அதன் பின்னரே ஐரோப்பிய நாயினங்கள் மலைநாட்டிற்குப் பெருமளவில் வரத் தொடங்கின. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேற்றம் ஒன்றை அமைக்க முற்பட்ட சாமுவேல் பேக்கர், இங்கிலாந்திலிருந்து மாடுகள், ஆடுகள் ஆகியவற்றோடு வேட்டை நாய்க் கூட்டம் ஒன்றையும் கப்பலிற் கொண்டுவந்தார். மரையை வேட்டையாடுவதே அவற்றின் தொழில். எனினும் சிறுத்தையும் காட்டுப்பன்றியும் அந்நாய்கள் பலவற்றைக் கொன்றன. பிற நாட்டிலே பெயர் பெற்ற இனமாயினும் புதிய நிலத்தின் இயல்பை அறியாதவிடத்து அதன் வலிமை பயன்படாது என்பதை அவ்வனுபவம் உணர்த்திற்று.

1820களிற் கம்பளைக்கு அண்மையிலே தொடங்கிய கோப்பிச் செய்கையும், 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடக்கிய தேயிலைச் செய்கையும் கண்டிச் சீமையின் தோற்றத்தையே மாற்றின. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்த தமிழ்த் தொழிலாளர் லயன்களிற் குடியமர்த்தப்பட்டனர். துரைமார் உயரமான இடங்களிற் பங்களா அமைத்து வாழ்ந்தனர். பங்களாவிற்கும் லயனுக்கும் இடைப்பட்ட தூரம் வெறும் நில அளவன்று, அதிகாரத்தின் அளவுமாகும். அத்தூரத்தைக் காத்து நின்றவற்றுள் வாயிற் காவற்காரனோடு துரையின் நாயும் ஒன்று. குறை கூறவோ மருந்து கேட்கவோ பங்களாப் படியை நெருங்கும் தொழிலாளிக்கு அந்நாய் காவலின் சின்னமாகத் தோன்றியிராது. அச்சத்தின் சின்னமாகவே தோன்றியிருக்கும். லயன்களிலும் நாய்கள் வளர்ந்தன. அவை இனப்பெயரற்ற நாட்டுநாய்கள். குழந்தையையும் கோழியையும் காய்கறித் தோட்டத்தையும் காத்து நின்ற அவற்றின் தொண்டைப் பதிவு செய்வார் இல்லை.

இன்று காவலுக்குப் பெயர் பெற்ற பேரினங்கள் பலவும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலே திட்டமிட்டு உருவாக்கப்பட்டவையாகும். ஜேர்மன் ஆட்டிடை நாயை வளர்க்கும் சங்கத்தை மக்ஸ் வொன் ஸ்ரெபானிற்ஸ் 1899ஆம் ஆண்டு நிறுவினார். பெல்ஜியத்தின் கென்ற் நகரப் பொலிஸார் நாய்களை முறையாகப் பணியில் அமர்த்தியதும் அதே ஆண்டிலேயே ஆகும். முதலாம் உலகப் போரின் பின்னர் ஜேர்மன் என்னும் பெயரை விரும்பாத பிரித்தானியர் இவ்வினத்தை ‘அல்சேஷன்’ என அழைத்தனர். ஆங்கிலேயர் இட்ட அப்பெயரே நம் நாட்டிலும் நிலைத்துவிட்டது. டோபர்மன் இனம், வரி சேகரிப்போராக இருந்த லூயி டோபர்மன் என்பவரால் ஜேர்மனியின் அப்போல்டா நகரில் உருவாக்கப்பட்டது. தனிமனிதப் பாதுகாப்பையே நோக்கமாகக் கொண்டு எழுந்த இனம் என இதனைக் கூறலாம். ரொட்வைலர், ரொட்வைல் நகரத்து இறைச்சி வணிகரின் மாடுகளை ஓட்டிச் சென்ற நாயாகும். கிரேட் டேனின் முன்னோர் காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்க்கப்பட்டோர்.

இவற்றை ஒப்புநோக்கின் ஒவ்வொன்றிற்கும் தனிச் சிறப்பும் குறையும் உண்டு. ஆண் அல்சேஷன் ஏறத்தாழ 60 முதல் 65 சென்ரிமீற்றர் உயரமும் 30 முதல் 40 கிலோகிராம் நிறையும் உடையது. மோப்பம், காவல், கட்டளைக்குப் பணிதல் ஆகிய மூன்றும் அதனிடம் ஒருங்கே அமைந்துள்ளன. ஆயினும் இடுப்பு மூட்டுக் கோளாறு அவ்வினத்தைப் பெரிதும் வருத்துகின்றது. டோபர்மன் 70 சென்ரிமீற்றர் வரை வளர்வது. விரைவும் விழிப்பும் மிக்கது. தன் தலைவனைப் பிரியாதது. தனிமையில் விடப்படின் எளிதில் நிலைகுலையும். ரொட்வைலர் 50 கிலோகிராம் அளவு நிறையுடையது. தள்ளினும் அசையாத உறுதி அதன் சிறப்பு. வெப்பமான பகலில் விரைவிற் களைத்துவிடும். கிரேட் டேன் 80 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்வது. தோற்றத்தினாலேயே கள்வனை நிறுத்தவல்லது. ஆயுளோ பெரும்பாலும் பத்து ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. உணவுச் செலவும் மிகுதி. நுவரெலியாவின் குளிருக்கு ஏற்ற பேரினம் கண்டி நகரின் வெப்பத்திலும் அவ்வாறே செயற்படும் என எதிர்பார்த்தல் தவறாகும்.

தமிழகத்து இனங்களும் இவ்வொப்பீட்டில் இடம்பெறத் தக்கவை. வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இராஜபாளையம், அயலாரை நம்பாத இயல்பினது, வெப்பத்தைத் தாங்கவல்லது. நெருங்கிய உறவு நாய்களிடையே இனப்பெருக்கம் நிகழ்ந்தமையாற் செவிட்டுத்தன்மை போன்ற குறைகள் அதனிடம் காணப்படுகின்றன. தேனி மாவட்டத்துக் கோம்பை, உருவிற் சற்றுச் சிறியதாயினும் தாடை வலிமையிற் குறைந்ததன்று. இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு வெளியிட்ட நாய் முத்திரைகளுள் இராஜபாளையமும் ஒன்று. இவ்வினங்கள் பாளையக்காரர், நிலக்கிழார் ஆகியோரின் இல்லங்களோடு தொடர்புபடுத்திப் பேசப்படுவன. மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களிலிருந்தும் கண்டிச் சீமைக்கு வந்த ஏழைத் தொழிலாளர் இவற்றை உடையோர் அல்லர்.

அண்மைக் காலத்தில் உலகெங்கும் படையினரும் பொலிஸாரும் பெல்ஜியத்து மலினோவா இனத்தைப் பெரிதும் விரும்புகின்றனர். இது ரொட்வைலரினும் மிக இலகுவானது. பெரும்பாலும் 30 கிலோகிராம் அளவே நிறையுடையது. உருவத்தின் பெருமையே காவலின் பெருமை என்னும் கருத்தை இம்மாற்றம் மறுக்கின்றது. பொலிஸ் நாய்ப் பணியின் அடிப்படையும் இதுவே. நாயொன்று தன்னைக் கையாளும் உத்தியோகத்தரோடு நீண்ட காலம் பழகுகின்றது. முதலிற் கட்டளைக்குப் பணியவும், பின்னர் மோப்பம் பிடிக்கவும், எதிரியைத் தடுத்து நிறுத்தவும் பயிலுகின்றது. பற்றும் நாய் எளிதிற் கிடைக்கும். விடு என்றவுடன் விடும் நாயே பயிற்சி பெற்ற நாயாகும். பயிற்சியற்ற பேரினம் காவலன் அன்று. வீட்டிலேயே வளரும் ஆபத்து எனல் பொருந்தும். தபாற்காரரும் பிள்ளைகளும் அதற்கு முதலில் இரையாவர்.

நாய் வளர்ப்போரின் பொறுப்பைச் சட்டமும் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்துள்ளது. விசர்நாய்க்கடி நோய் பற்றிய கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவு செய்தல் பற்றிய கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. நாயின் செயலுக்கு உரியவர் அதனை உடையவரே என்னும் உணர்வு இன்னும் பரவலாக வேரூன்றவில்லை.

தொகுத்து நோக்கின், பல பணிகளுக்கும் பொருந்தும் இனம் அல்சேஷன் என்பதும், தனிமனிதக் காவலுக்கு டோபர்மனும், நிலையான இடக்காவலுக்கு ரொட்வைலரும், வெப்பநிலத்திற்கு இராஜபாளையமும் ஏற்றவை என்பதும் பெறப்படும். ஆயினும் எடுத்தனூர்க் கோவிவன் முதல் அஸ்கிரிய நாய்கள் வரை வரலாறு காட்டும் உண்மை வேறொன்றாகும். நாயின் குணத்தை இனம் ஓரளவும், பயிற்சி பேரளவும் அமைக்கின்றன. அக்குணம் எவ்வழியிற் செல்லும் என்பதை மனிதனே தீர்மானிக்கின்றான். எருமைக் கூட்டத்தைக் காத்ததும் நாயே. பங்களாப் படியில் ஏழையை மறித்ததும் நாயே. ஆகவே எந்த இனத்தை வளர்ப்பது என்று கேட்குமுன், எதனைக் காப்பதற்கு, யாரை அஞ்சி வளர்க்கின்றோம் என்று கேட்பதே முறையாகும்.