கொதிகலன் வகை அறிதல் (பிரித்தானிய வீடுகள்)

பிரித்தானியாவில் பெரும்பாலான வீடுகளுக்கு எரிவாயுக் கொதிகலனே சூடு தருகிறது. அதில் காய்ந்த நீர் குழாய்வழி ஓடி, சுவரோர ரேடியேட்டர்களைச் சூடாக்குகிறது. வகையை அறியக் கொதிகலனைத் திறக்க வேண்டியதில்லை, திறக்கவும் கூடாது. வெந்நீர்த் தொட்டியைத் தேடினால் போதும். எங்கும் அது இல்லையென்றால் பெரும்பாலும் ‘காம்பி’: குழாயைத் திறந்ததும் அப்போதே நீரைக் காய்ச்சித் தருவது. அலமாரிக்குள் உருளை வடிவ வெந்நீர்த் தொட்டி மட்டும் இருந்தால் ‘சிஸ்டம்’. கூரையடிப் பரணில் குளிர்நீர்த் தொட்டியும் சேர்ந்திருந்தால் பழைய ‘ரெகுலர்’. ஆகவே பரணையும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். கொதிகலனிலிருந்து வடிகாலுக்குச் செல்லும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், அது புகையின் வெப்பத்தையும் மீட்கும் ஒடுக்க வகை என்பதற்கு அடையாளம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிய எரிவாயுக் கொதிகலன்களுக்கு 2005 முதல் இதுவே பொது விதி.