இரண்டு கடை, ஒரு கல்லா

"ஸ்போர்ட்ஸ்18 சேனல் எங்கே போச்சு சார்?" என்று போன வாரம் ஒரு நண்பர் போனில் கேட்டார். எங்கேயும் போகவில்லை, 2025 மார்ச்சில் ஸ்டார் ஸ்போர்ட்ஸுக்குள் போய்விட்டது என்றேன். அவர் விடவில்லை, "அது ஏன்?" என்றார். அந்த ஏனுக்கு முப்பது வருடத்துக் கதை சொல்ல வேண்டும். போனில் சொன்னால் அவருக்குச் சாப்பாடு ஆறிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் உத்தியோகத்தில் இருந்தபோது சில வருடம் ஒப்பந்தப்புள்ளிக் கோப்புகள் என் மேசை வழியாகப் போகும். சீல் வைத்த உறைகள் வரும், குறித்த நேரத்தில் பிரிப்போம். உறை நாலு இருந்தால் தொகை ஒழுங்காக இருக்கும். ஒன்றுதான் வந்திருக்கிறது என்றால் அதிகாரி முகம் சுருங்கும், மறு டெண்டர் விடலாமா என்று கோப்பில் எழுதுவார். டிவி கிரிக்கெட்டையும் நான் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

முதலில் உறையே கிடையாது, தூர்தர்ஷன் ஒன்றுதான். அவர்கள் கிரிக்கெட் வாரியத்துக்குப் பணம் கொடுப்பது இருக்கட்டும், ஒளிபரப்ப வேண்டுமானால் எங்களுக்கு நீங்கள் கட்டணம் கட்டுங்கள் என்று கேட்ட காலமும் உண்டு. 1993-ல் ஹீரோ கோப்பைப் போட்டியை வங்காளக் கிரிக்கெட் சங்கம் டிடபிள்யூஐ என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தகராறு பெரிதாகி நீதிமன்றம் வரை போனது. அந்தப் போட்டியில்தான் அரையிறுதியின் கடைசி ஓவரை டெண்டுல்கர் வீசினார், இறுதி ஆட்டத்தில் கும்ப்ளே 12 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கும். வழக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. 1995 பிப்ரவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வான் அலைகள் பொதுச் சொத்து, அரசின் தனிச் சொத்து அல்ல. தனியார் சேனல்களுக்கு அன்றுதான் வாசல் நன்றாகத் திறந்தது.

ஸ்டார் டிவி 1991-லேயே ஹாங்காங்கிலிருந்து ஆசியா முழுவதற்கும் ஒளிபரப்பத் தொடங்கியிருந்தது. அதில் ப்ரைம் ஸ்போர்ட்ஸ் என்ற சேனல் இருந்தது, பிறகு அது ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஆயிற்று. இன்னொரு பக்கம் அமெரிக்காவின் ஈஎஸ்பிஎன் வந்து சேர்ந்தது. இருவரும் ஒரே ஆட்டங்களுக்கு மாறி மாறி விலை ஏற்றினார்கள். 1996-ல் உட்கார்ந்து பேசினார்கள். பாதிக்குப் பாதி பங்கு, சிங்கப்பூரில் தலைமையகம், பெயர் ஈஎஸ்பிஎன் ஸ்டார் ஸ்போர்ட்ஸ். நமக்குத் திரையில் இரண்டு சேனல் தெரிந்தது, கல்லாப்பெட்டி ஒன்று. திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை, சட்டப்படி செய்ததுதான். ஆனால் ஏலத்துக்கு வரும் உறைகளில் ஒன்று குறைந்துவிட்டது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் கம்பெனிகள் இணைவதற்கும் உலோகம் உருகுவதற்கும் ஒரே சொல், ஃப்யூஸியோன். நாம் இணைப்பு என்கிறோம், கல்யாணம் மாதிரி காதில் விழுகிறது. அவர்கள் சொல்தான் பொருத்தம். உருக்கி ஊற்றினால் எது எந்த நகை என்று பிறகு தெரியாது. பிரான்சிலேயே உதாரணம் இருக்கிறது. 2004 கடைசியில் கனால் ப்ளூஸ் சேனல் அந்த நாட்டு முதல்தரக் கால்பந்துக்கு வருடத்துக்கு 600 மில்லியன் யூரோ என்று விலை சொன்னது. போட்டியாளரான டிபிஎஸ் திணறியது. அடுத்த வருடமே இரண்டும் இணைவதாக அறிவிப்பு வந்துவிட்டது. அமெரிக்காவில் ஏபிசி நெட்வொர்க் 1984-ல் ஈஎஸ்பிஎன்னை வாங்கியது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையாக, 2006-ல் ஏபிசி ஸ்போர்ட்ஸ் என்ற பழம்பெயரே திரையிலிருந்து நீங்கி, அந்த இடத்தில் ஈஎஸ்பிஎன் பெயர் வந்தது.

நம் ஊரில் அப்படி உடனே முடியவில்லை. புது உறைகள் வந்துகொண்டே இருந்தன. ஜீ வந்தது, டென் ஸ்போர்ட்ஸ் வந்தது, சோனி வந்தது. 2006-ல் நிம்பஸ் 612 மில்லியன் டாலருக்கு இந்தியாவின் உள்நாட்டுப் போட்டிகளை எடுத்தது. 2012-ல் ஈஎஸ்பிஎன் தன் பங்கை விற்றுவிட்டு விலகியது. அடுத்த வருடம் எல்லாச் சேனலுக்கும் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் என்றே பெயர். ஒன்றுக்கு மட்டும் நன்றி சொல்ல வேண்டும். 2017-ல் தமிழில் தனிச் சேனல் கொடுத்தார்கள். வானொலியில் அப்துல் ஜப்பார் குரலில் கிரிக்கெட் கேட்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு அது சின்ன விஷயம் இல்லை. இப்போது பேசுகிறவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசலாம் என்பது வேறு சங்கதி.

2022 ஐபிஎல் ஏலம்தான் போட்டி உச்சத்துக்குப் போன இடம். ஐந்து வருடத்துக்கு டிவி உரிமையை ஸ்டார் 23,575 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இணைய உரிமையை அம்பானி தரப்பு வயாகாம்18 அதைவிடக் கொஞ்சம் அதிகமாக, 23,758 கோடிக்கு எடுத்தது. எடுத்தவர்கள் 2023-லும் 2024-லும் செல்போனில் இலவசமாகவே காட்டினார்கள். இங்கே வளையமாதேவியில் டீக்கடை பெஞ்சில், மாட்டுக்கொட்டகையில், நெய்வேலி போகிற பஸ்ஸில் என்று எங்கும் அந்தச் சத்தம்தான். இரண்டு யானை சண்டை போட்டதில் நமக்குக் கரும்பு கிடைத்தது.

2024 நவம்பரில் யானைகள் சமாதானம் ஆகிவிட்டன. ஸ்டாரும் வயாகாம்18-ம் சேர்ந்து ஜியோஸ்டார் ஆயிற்று. ஒப்பந்தத்தின் மதிப்பு 70,352 கோடி ரூபாய், டிஸ்னிக்கு அதில் 36.84 சதவீதம். ஐபிஎல், இந்திய உள்நாட்டுப் போட்டிகள், ஐசிசி உலகக் கோப்பைகள் மூன்றும் ஒரே வீட்டுக்குள். போட்டி ஆணையம் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. கிரிக்கெட்டுக்கான டிவி விளம்பர நேரத்தையும் இணைய விளம்பர நேரத்தையும் சேர்த்துக் கட்டி விற்கக்கூடாது என்பது அதில் ஒன்று. விளம்பரம் கொடுப்பவருக்கு அது பாதுகாப்பு. செல்போனில் பார்க்கிறவனுக்கு? 2025 ஐபிஎல்லில் பழைய இலவசம் நின்றுபோயிற்று. கொஞ்ச நேரம் காட்டிவிட்டு, சந்தா கட்டு அல்லது அதற்கென்று உள்ள ரீசார்ஜ் போடு என்றது.

மாதக் கட்டணம் கட்ட முடியாதவர் கதை தனி. 2006-ல் நம் மாநிலத்தில் இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கினார்கள், பெட்டி வந்துவிட்டது. 2007 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் வந்தபோது நிம்பஸுக்கும் தூர்தர்ஷனுக்கும் தகராறு, நாகபுரி ஆட்டம் தூர்தர்ஷனில் நேரடியாக வரவில்லை. நாடே கூச்சல் போட்டது. பிப்ரவரியில் அவசரச் சட்டம், மார்ச்சில் முழுச் சட்டம். தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களை யார் வாங்கினாலும் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும், விளம்பர வருமானத்தில் உரிமையாளருக்கு 75 பங்கு, தூர்தர்ஷனுக்கு 25. அரசாங்கம் இவ்வளவு வேகமாகக் கோப்பு நகர்த்தி நான் பார்த்ததில்லை.

அதிலும் ஒரு சிக்கு. 2017-ல் உச்ச நீதிமன்றம், அப்படிப் பகிரும் ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்த ஆன்டெனாவிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே போகலாம், கேபிள்காரருக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டது. ஆகவே இந்தியா ஆடும் ஒருநாள் ஆட்டம், மாதச் சந்தாவே இல்லாத ஃப்ரீ டிஷ் வைத்திருக்கும் எங்கள் தெருக்கோடி வீட்டில் தூர்தர்ஷனில் தெரியும். மாதாமாதம் கேபிளுக்குக் கட்டும் என் வீட்டில் அதே தூர்தர்ஷனை வைத்தால் வேறு ஏதாவது ஓடும். ஐபிஎல் அந்தக் கட்டாயப் பட்டியலிலேயே இல்லை.