நாற்பத்தஞ்சு வயசு மாட்டுப்பண்ணைக்காரரும் ஒரு சின்னக் குதிரையும்

சின்ன வயசுல மெரினாவுல அப்பா என்னை ஒரு குதிரை மேல ஏத்தி உட்கார வெச்சார். ஐம்பதடி போறதுக்குள்ள அழுது பீச்சையே கூட்டிட்டேன். எனக்கும் குதிரைக்குமான உறவு அத்தோட சரி. இப்ப இருபத்தெட்டு வயசுல பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். லிஃப்ட் வேலை செய்யாத நாள்ல மூணு மாடி ஏறினா நாக்கு தள்ளுது. பக்கத்து சீட் நண்பர் "வயசாயிடுச்சு மச்சி, விடு"ன்னு ஆறுதல் சொல்றார். அவருக்கு நான் சொன்ன கதைதான் இது.

கதாநாயகன் பேர் பில் ராய்கிராஃப்ட். 1915ல பிறந்தவர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துல கேம்பர்டவுன்னு ஒரு ஊர், அங்கே மாட்டுப்பண்ணை வெச்சிருந்தார். பால் கறக்குறது பிழைப்பு, குதிரை ஓட்டுறது ஆசை. அவர் முதன்முதலா ஒலிம்பிக் அணியில இடம் பிடிச்சப்ப வயசு 45.

போட்டியோட பேர் ஈவென்டிங். ஒரே ஆள், ஒரே குதிரை, மூணு சோதனை. முதல்ல ட்ரெஸ்ஸாஜ், அதாவது குதிரையை பரதநாட்டியம் ஆட வைக்கிற மாதிரி அடக்க ஒடுக்கமா நடத்திக் காட்டணும். அடுத்து காடு மேடெல்லாம் ஓடி, அசையாத தடைகளைத் தாண்டணும். கடைசி நாள் மைதானத்துல கம்பு தாண்டுறது. இதுல ரெண்டாவதுதான் ஆளைக் கொல்ற விஷயம். மைதானத்துல வைக்கிற கம்பு குதிரையோட கால் பட்டா கீழே விழுந்துடும். காட்டுல இருக்குற மரக்கட்டை விழாது, குதிரைதான் விழும்.

இது ராணுவக் குதிரைகளைச் சோதிக்கப் பிறந்த போட்டி. அதனால 1948 வரைக்கும் ஒலிம்பிக் குதிரையேற்றம் கிட்டத்தட்ட ராணுவ அதிகாரிகளோட சொத்து. சாதாரண சிப்பாய்க்கே அனுமதி இல்லை. 1948 லண்டன்ல ட்ரெஸ்ஸாஜ் அணிப் பிரிவுல ஸ்வீடன் தங்கம் வாங்குச்சு. அப்புறம் பார்த்தா, அதுல இருந்த யெனால் பெர்ஸன் ஒரு சார்ஜென்ட். போட்டிக்காகவே அவரை லெப்டினென்ட் ஆக்கிட்டு, முடிஞ்சதும் பழையபடி இறக்கிட்டாங்க. விஷயம் வெளிய வந்ததும் 1949ல அணியோட பதக்கத்தையே பிடுங்கிட்டாங்க. நம்ம ஊர்ல ஆடிட் வர்ற அன்னைக்கு மட்டும் ட்ரெயினிக்கு 'சீனியர் இன்ஜினியர்' பட்டம் கொடுப்பாங்களே, அதே டெக்னிக் :-) 1952லதான் மத்தவங்களுக்கும் கதவு திறந்தது. ஈவென்டிங்ல பெண்கள் நுழைய 1964 வரை காத்திருக்கணும். ஒரு பண்ணைக்காரர் ஒலிம்பிக் கனவு காணுறதே ராய்கிராஃப்டோட முப்பத்தேழாவது வயசுலதான் சாத்தியமாச்சு.

அடுத்த வேடிக்கை 1956. ஒலிம்பிக் அவர் மாநிலத்துக்கே, மெல்போர்னுக்கே வருது. ஆனா குதிரைகள் மட்டும் வரலை! வெளிநாட்டுக் குதிரைகளை ஆறு மாசம் தனிமைப்படுத்தி வைக்கணும்னு ஆஸ்திரேலியச் சட்டம். யாரும் விட்டுக்கொடுக்கலை. கடைசியில குதிரைப் போட்டிகளை மட்டும் ஜூன் மாசம் ஸ்டாக்ஹோம்ல நடத்தினாங்க. அங்கே போன ஆஸ்திரேலிய அணியில ராய்கிராஃப்ட் இல்லை.

நாலு வருஷம் கழிச்சு, 1960ல இங்கிலாந்துல பேட்மின்டன் போட்டி. (பேட்மின்டன்னதும் பந்து, ராக்கெட்னு யோசிக்காதீங்க. இது அதே பேர்ல இருக்குற ஊர். ஈவென்டிங் உலகத்துக்கு அதுதான் திருப்பதி.) ராய்கிராஃப்ட் 'அவர் சோலோ'ங்கிற குதிரையில போய் முதல் பரிசு வாங்கிட்டார். தமிழ்ல எழுதும்போது ஏதோ மரியாதைக்குரிய குதிரை மாதிரி தெரியுது, ஆனா இங்கிலீஷ்ல 'நம்ம சோலோ'ன்னு அர்த்தம். உருவத்துல சின்னக் குதிரை. உலகத்தோட பெரிய குதிரைகளை ஜெயிச்ச பிறகு, ஆளுக்கு வயசாச்சேன்னு யார் சொல்ல முடியும்?

இப்ப ரோம், 1960 செப்டம்பர். இங்கே ஒரு விதியைச் சொல்லணும். அணிக்கு நாலு பேர், அதுல சிறந்த மூணு பேரோட புள்ளிகளைத்தான் கூட்டுவாங்க. ஒருத்தர் ஸ்பேர், அவ்வளவுதான். ஒரு சர்வர் படுத்தா தாங்கலாம், ரெண்டு படுத்தா கடையை மூட வேண்டியதுதான்.

ரோமுக்கு வெளியே பிராட்டோனி டெல் விவாரோவுல காட்டு ஓட்டம் நடந்தது. லாரி மோர்கனும் (இவரும் 1915ல பிறந்தவர்தான்!) நீல் லேவிஸும் பிரமாதமா ஓடிட்டாங்க. பிரையன் கிரேகோவும் ஓடி முடிச்சார், ஆனா அவர் குதிரை சேபர் நொண்டிப் போச்சு. அடுத்த நாள் ஓட முடியாது. ஸ்பேர் காலி.

ராய்கிராஃப்ட்? வழியில ஒரு தடையில குதிரையோட சேர்ந்து உருண்டு விழுந்துட்டார். காறை எலும்பு முறிவு, தலையில அடி. மனுஷன் எழுந்து திரும்ப ஏறி மிச்ச தூரத்தையும் முடிச்சார். முடிச்சதும் நேரா ஆஸ்பத்திரி.

மறுநாள் காலையில கணக்கு ரொம்ப எளிமை. அவர் வரலைன்னா ஆஸ்திரேலியாவுக்கு அணியே இல்லை. மருத்துவர்கள் கூடாதுன்னாங்க. அவர் கேட்கலை. குதிரைங்களுக்கு மறுநாள் கால்நடை மருத்துவப் பரிசோதனை உண்டு, தேறலைன்னா வெளியே. ஆளுக்கு அப்படி ஒரு பரிசோதனை அன்னைக்குக் கிடையாது! சேபர் மாட்டிக்கிச்சு, ராய்கிராஃப்ட் தப்பிச்சுட்டார்.

கைத்தாங்கலா குதிரை மேல ஏத்திவிட்டாங்க. ஒரு பக்கத் தோள் வேலைக்கு ஆகாது. பியாட்சா டி சியெனா மைதானத்துல அந்த சுற்றை ஒரு கம்பு கூட விழாம முடிச்சார்.

எனக்குப் பிடிச்சது புள்ளிக் கணக்குதான். மோர்கன் +7.15, தனிநபர் தங்கம். லேவிஸ் –16.50, வெள்ளி. ராய்கிராஃப்ட் –118.83. கூட்டினா –128.18. அணித் தங்கம், குதிரையேற்றத்துல ஆஸ்திரேலியாவோட முதல் தங்கம். ரெண்டாவது வந்த ஸ்விட்சர்லாந்து –386.02. அதாவது ராய்கிராஃப்டோட மார்க் மூணு பேர்ல ரொம்ப ரொம்ப மோசம். அப்ரைசல்ல இந்த நம்பரை மட்டும் பார்த்தா ஆளைத் தூக்கியிருப்பாங்க. ஆனா அந்த –118.83 இல்லாம மத்த ரெண்டு மார்க்கையும் அணிக் கணக்குல எழுதவே இடமில்லை.

நண்பர் இந்த இடத்துல, "தலையில அடிபட்டவனைக் குதிரை ஏத்துறது வீரமா, பைத்தியக்காரத்தனமா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. இப்போதைய விதிப்படி காட்டு ஓட்டத்துல விழுந்தாலே அந்தப் போட்டி அவருக்கு முடிஞ்சுது, திரும்ப ஏறவே விட மாட்டாங்க. அந்த விதி சரின்னுதான் நான் நினைக்கிறேன். நம்ம வீட்டுப் பெரியவர் யாராவது இப்படிக் கிளம்பினா கதவைப் பூட்டிடுவேன். ஆனா 1960ல நான் அந்த மைதானத்துல உட்கார்ந்திருந்தா எழுந்து நின்னு கை தட்டியிருப்பேன். ரெண்டும் உண்மைதான்.

அதோட ஓய்வெடுத்தாரா? எங்கே! 1965 மார்ச்ல, ஐம்பது வயசு முடிய சில நாள் இருக்கும்போது, ஸ்டோனி கிராஸிங்னு ஒரு ஈவென்டிங் குதிரையை செல்டன்ஹாம் கோல்டு கப் ரேஸ்ல தானே ஓட்டி மூணாவது வந்தார். முதல்ல வந்தது ஆர்க்கிள், சூப்பர் ஸ்டார் குதிரை. (ஓடினது மொத்தம் நாலே குதிரைன்னு நண்பர் கண்டுபிடிச்சுட்டார். இருக்கட்டுமே.) 1968 மெக்சிகோவுல மகன் வேய்னோட சேர்ந்து அணி வெண்கலம். 1976 மான்ட்ரியல்ல மறுபடி அப்பாவும் மகனும் சேர்ந்து வெண்கலம், அப்ப அப்பாவுக்கு 61. மூணு மகன்களும் ஒலிம்பிக் போனவங்க. 2011ல, 96 வயசுல காலமானார்.

நண்பர் முழுக்கதையும் கேட்டுட்டு, "சரி மச்சி, நீ நாளைக்கு மூணு மாடி ஏறு"ன்னு சொல்லிட்டு லிஃப்ட்ல போயிட்டார்.