ஐந்தாவது வட்டம் பிறந்த கதை

கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு அறைக் கண்காணிப்பாளராக நின்றேன். பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அறையிலிருந்த இருபது பேரும் விடைத்தாளின் மேல் குனிந்து, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஏ எத்தனை, பி எத்தனை, சி, டி, கடைசியாக இ எத்தனை. ஐந்தையும் கூட்டினால் 200 வர வேண்டும். முன் பெஞ்சில், புவனகிரிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சார், 199 தான் வருது." குரல் நடுங்கியது. "பதறாம மறுபடி எண்ணும்மா" என்றேன். அதற்கு மேல் நான் பேசக் கூடாது.

அந்த 'இ' வட்டத்துக்கு விடைத்தாளில் ஒரே அர்த்தம்தான்: விடை தெரியவில்லை. சரித்திரம், விஞ்ஞானம், விளையாட்டு, பண்பாடு என்று எதைக் கேட்டாலும் ஏ, பி, சி, டி என்ற நான்கு விடைகளோடு ஐந்தாவதாக இதுவும் இருக்கும். இருநூறு கேள்விக்கு ஆயிரம் வட்டம். அதில் இருநூறு வட்டம் தெரியாமைக்கு ஒதுக்கியது.

தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இது ஆச்சரியம். நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. அதில் முதலாவது அறிவினா: விடை தெரிந்தவரே, எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது. பரீட்சைக் கேள்வி என்பது முழுக்க முழுக்க இந்த வகைதான். விடையை நன்னூல் எட்டாகப் பிரிக்கிறது. சுட்டு, மறை, நேர் என்று தொடங்கி இனமொழி வரை போகும் அந்த எட்டில், 'எனக்குத் தெரியாது' என்பதற்குத் தனியாக ஒரு பெயர் கிடையாது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இந்தப் பாடம் இருக்கிறது. குரூப் 4-க்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் இதை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் தேர்வறைக்கு வருகிறார்கள்.

முதல் நான்கு வட்டங்களுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் பிரெடரிக் கெல்லி என்ற கல்வியாளர், 1915 வாக்கில் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனைச் சோதிக்க, கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். திருத்தும் ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறுகிறதே என்ற கவலைதான் காரணம். அதை இயந்திரத்திடம் கொடுத்தவர் ரெனால்ட் ஜான்சன் என்ற பள்ளி ஆசிரியர். பென்சில் கரியில் மின்சாரம் பாயும் என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அக்காமாரைப் பார்க்க வரும் பையன்களின் கார் கிளம்பாமல் இருக்க, இன்ஜின் ஸ்பார்க் பிளக்கில் பென்சிலால் கோடு கிழித்து விளையாடியவர் என்று சொல்வார்கள். அதே அறிவைக் கொண்டு, பென்சிலால் கறுப்பாக்கிய இடத்தை மின்சாரத்தால் கண்டுபிடித்து மதிப்பெண் போடும் இயந்திரத்தை உருவாக்கினார். ஐ.பி.எம். நிறுவனம் அதை 1938-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒளியால் படிக்கும் இயந்திரமும், நாம் ஓ.எம்.ஆர். என்று சொல்லும் தாளும் அதற்குப் பிறகு வந்தவை.

நம் பக்கத்துக் கதை 1929-இல் தொடங்குகிறது. அரசு வேலைக்கு ஆள் எடுப்பதற்கென்றே சென்னை மாகாணம் சட்டம் போட்டு ஒரு தேர்வாணையம் அமைத்தது. இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். இன்றைய டி.என்.பி.எஸ்.சி.க்கு அதுவே வேர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே 1929-இல்தான். சிபாரிசுக் கடிதம் இல்லாதவன் படிப்பை மட்டும் நம்பி வரிசையில் நிற்கலாம் என்ற எண்ணம் தென்னாற்காட்டுக் கிராமங்களுக்குள் நுழைய அந்த இரண்டும் சேர்ந்து வழி திறந்தன என்று நான் நினைக்கிறேன்.

இன்றும் கடலூர் மாவட்டத்தில் பார்க்கலாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம், நூலகத்தின் மூலை மேசை, கோயில் மண்டபம், எங்கும் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர்ப் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு முப்பது வயதுக்காரர்கள் படிக்கிறார்கள். வடலூரில் சத்திய ஞான சபை எந்த ஆண்டு, நெய்வேலியில் எந்த வகை நிலக்கரி, தாமஸ் கோப்பை எந்த விளையாட்டுக்கு, எந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் என்று ஒருவர் கேட்க மற்றவர் சொல்வார். நடப்பு நிகழ்வுகளுக்கு ஒரு தனி நோட்டு. பள்ளியில் கோட்டை விட்டதை வேலைக்காக மீண்டும் படிக்கும் அந்தப் படிப்பில் ஒரு தவம் இருக்கிறது. அதைக் கேவலமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

அந்தத் தவத்தில்தான் 2019-இல் கைவைத்தார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதி குரூப் 4 தேர்வு. மாநிலம் முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். முடிவு வந்தபோது, ராமேஸ்வரம், கீழக்கரை என்ற இரண்டு மையங்களில் எழுதியவர்கள் முன்வரிசை இடங்களில் திரளாக இருந்தார்கள். அதில் பலர் வேறு மாவட்டத்துக்காரர்கள். தங்கள் ஊரை விட்டு அத்தனை தூரம் போய் ஏன் எழுதினார்கள் என்ற கேள்வி எழுந்தது. விசாரணையில் வந்த பதில் இது: அவர்கள் குறித்தது சில மணி நேரத்தில் அழிந்துவிடும் மையால். விடைத்தாள்கள் சென்னைக்குப் போகும் வழியில், வெறுமையாகிவிட்ட வட்டங்களில் வேறு கைகள் சரியான விடைகளைக் கறுப்பாக்கின. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தது தேர்வாணையம். சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது.

அந்த ஜனவரியில் படிப்பு வட்டங்களில் ஒரு வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் செல்போனில் செய்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு கேள்வியில் வேலையைத் தவறவிட்டவர்கள் அவர்களில் உண்டு. ஆத்திரம்கூட வரவில்லை, ஓய்ந்துபோயிருந்தார்கள்.

திருட்டு நுழைந்த வாசல் எது என்று பார்த்தால், வெறுமையாகக் கிடந்த வட்டம்தான். எழுதாமல் விட்ட இடம் இருந்தால், அதில் பிறகு எழுத ஒருவன் வருவான். அதனால் எந்தக் கேள்வியும் வெறுமையாக இருக்கக் கூடாது என்று ஆணையம் முடிவு செய்தது. விடை தெரியாதவருக்கும் கறுப்பாக்க ஓர் இடம் வேண்டுமே. ஐந்தாவது வட்டம் அப்படிப் பிறந்தது. கூடவே கறுப்பு மைப் பந்துமுனைப் பேனா மட்டும் என்றார்கள். இடது பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். எந்த எழுத்தை எத்தனை முறை குறித்தோம் என்று எண்ணி எழுதச் சொன்னார்கள். அதில் தவறினால் மதிப்பெண் குறையும். ஒரு வட்டத்தை ஒருவன் மாற்றினாலும் கணக்கு உதைக்கும். 2021 ஜனவரி 3-இல் நடந்த குரூப் 1 முதல்நிலைத் தேர்வில் இந்தப் புதிய முறையில் எழுதினார்கள்.

ஆக, பூட்டாகத்தான் அது பிறந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழக்குவது யாருடைய நோக்கமும் இல்லை. சொல்லப்போனால், இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை. தெரியாவிட்டாலும் குத்துமதிப்பாக ஒன்றைக் குறித்தால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இ போட்டால் பூஜ்யம். பயிற்சி வகுப்பில் எல்லோரும் சொல்லிக் கொடுப்பது, "இ பக்கம் போகாதே" என்பதுதான். வேலை தேடுகிற பிள்ளைக்கு அதுவே சரியான யோசனை. ஆனாலும் விடைத்தாள்களை வாங்கும்போது இ-யில் ஒன்றோ இரண்டோ, சில சமயம் பத்தோ கண்ணில் படுகின்றன.

கேள்வி-பதில் என்பது சிதம்பரத்துக்கு மிகப் பழைய விளையாட்டு. சாழல் என்று அதற்குப் பெயர். ஒரு பெண் கேட்பாள், தோழி பதில் சொல்வாள். மாணிக்கவாசகரின் திருச்சாழல், தில்லையில் பாடியதாகச் சொல்லப்படும் இருபது பாட்டு, இந்த வடிவத்தில் இருக்கிறது. திருமங்கையாழ்வாரும் சாழல் பாடியிருக்கிறார். திருச்சாழல் பிறந்த கதையைப் புராணம் இப்படிச் சொல்கிறது: ஈழத்திலிருந்து பௌத்தர்கள் தில்லைக்கு வாதம் செய்ய வந்தார்கள். ஈழத்து அரசன் தன் ஊமை மகளையும் அழைத்து வந்திருந்தான். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அந்தப் பெண்ணையே பதில் சொல்லச் சொன்னார் மாணிக்கவாசகர். அவள் வாய் திறந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தக் கதையில் பதில் இல்லாத கேள்வி என்று ஒன்று கிடையாது. கேட்கும் பக்கமும் சொல்லும் பக்கமும் சமமாக நிற்கும் விளையாட்டு அது. தேர்வறையில் கேட்பவர் யாரென்று தெரியாது. பதில் சொல்பவர் வாயே திறக்கக் கூடாது. அவருக்கு இருப்பது பேனாவும் ஐந்து வட்டங்களும்.

புவனகிரிப் பெண் இரண்டாம் முறை எண்ணினார். இந்த முறை பேனாவின் பின்முனையால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தொட்டு இறங்கினார். மூன்றாவது பத்தியின் நடுவில் பேனா நின்றது. ஒரே ஒரு இ. அதைத்தான் முதல் தடவை விட்டிருக்கிறார். 200 சரியாக வந்தது. இ-க்கு நேரே 1 என்று எழுதினார். ரேகை வைத்த விரலில் மை அப்பியிருந்தது, முந்தானையில் படாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடியே எழுதி முடித்தார்.

வேலை முடித்து நான் வெளியே வந்தபோது அவர் வாசலில் வேப்பமர நிழலில் இருந்தார். அவருடைய அம்மா மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வினாத்தொகுப்பைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"இது ஒண்ணுதான் சார். நாலு பேருமே வெள்ளைக்காரங்க பேரு. கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைப் போட்டிருக்கலாம். ஆனா எங்க ஊருக்குப் பக்கத்துல நடந்ததைக் கேக்குறாங்க, அதுல போய் குத்துமதிப்பா போட மனசு வரலை."

1781-இல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை எதிர்த்து நின்ற ஆங்கிலத் தளபதி யார் என்பது கேள்வி. அயர் கூட் என்றேன். அவர் தரையில் உட்கார்ந்து, அதே கறுப்புப் பேனாவால் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் பெயரை எழுதி வைத்துக்கொண்டார்.