தோட்டத்து நகையும் தாயகத்து நகையும்

அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன் 1895இல் கதை சொல்லும் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் நகைக்கதையை நாடுவாரியாக அவர் பிரித்துக் காட்டினார். ஆங்கிலேயருடைய வேடிக்கைக் கதை அதன் பொருளால் சிரிப்பூட்டுவது. அமெரிக்கருடையதோ சொல்லும் விதத்தால் சிரிப்பூட்டுவது என்பது அவர் கருத்து. அமெரிக்கக் கதைசொல்லி தன் கதையில் சிரிப்புக்கு இடமுண்டு என்பதைத் தானே அறியாதவர்போல் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வார் என்றும் விளக்கினார். ஆங்கிலேயர் இதை ஒப்புவார்களா என்பது ஐயமே. உணர்ச்சியைக் குறைத்துச் சொல்வதும், முகம் மாறாமல் கேலி செய்வதும் தங்களுக்கே உரிய கலை என்று உரிமை கொண்டாடுவோர் அவர்கள். இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஒரே மொழியைப் பேசும் இரு மக்கள் ஏன் ஒரே இடத்தில் சிரிப்பதில்லை என்னும் வினாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவ்வினாவுக்கு விடை தேட நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. சுங்கைப் பட்டாணியைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களே போதும்.

முதலில் எளிய சான்று ஒன்று. நம்மூரார் ஒருவர், "காடியில் வந்தேன்" என்றால் மகிழுந்தில் வந்தார் என்று பொருள். தமிழ்நாட்டில் காடி என்பது புளித்த நீர். "பசியாறியாச்சா?" என்று நாம் கேட்பது காலைச் சிற்றுண்டியைப் பற்றி, அங்கிருந்து வந்த விருந்தினர் அதைப் பசி தீர்ந்ததா என்னும் பொதுக் கேள்வியாக எடுத்துக்கொள்வார். மங்கு என்றால் நமக்குப் பால் வடியும் கிண்ணம். மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. அங்கு ஒளி மங்குவதைத்தான் அச்சொல் நினைவூட்டும். இத்தகைய தடுமாற்றங்கள் ஒருமுறை சிரிப்பூட்டும், மறுமுறை பழகிப்போகும். சொற்பொருள் வேறுபாட்டைப் பட்டியலிட்டு முடித்தால் நகையின் வேறுபாடு விளங்கிவிடும் என்று எண்ணுவது பிழை. ஆங்கிலேயரையும் அமெரிக்கரையும் பற்றி எழுதுவோர் பலர் அந்த அளவிலேயே நின்றுவிடுகின்றனர்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. இவற்றுள் எள்ளலுக்குப் பேராசிரியர் தரும் விளக்கம் நமக்குப் பெரிதும் பயன்படுவது. பிறரைத் தான் எள்ளி நகுவது ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டபோது நகுவது மற்றொன்று என்று அவர் இரண்டாகப் பகுக்கிறார். தோட்டத்து நகையின் வேர் இந்த இரண்டாம் வகையில் இருக்கிறது என்பதே நம் கருத்து.

தோட்டத்தின் அடுக்குமுறையை எண்ணிப் பாருங்கள். மேலே பெரிய துரை, அவருக்குக் கீழே சின்னத் துரை, பிறகு கிராணி, கங்காணி, கடைசியில் பால்வெட்டுத் தொழிலாளி. கிராணிகளுள் பலர் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் ஆவர். பீடோங்கின் ஹார்வர்டு தோட்டம் அமெரிக்க ரப்பர் நிறுவனம் ஒன்றுக்கு உரியது. அதைச் சூழ்ந்திருந்தவற்றுள் பல பிரித்தானிய நிறுவனங்களுக்கு உரியவை. முதலாளி எந்நாட்டவராயினும் லயத்திலிருந்து பார்ப்பவருக்கு அடுக்கு ஒன்றே. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை நீக்க வேண்டும் என்பது. மிதிவண்டியில் அமர்ந்திருப்பதே அவமதிப்பாகக் கருதப்பட்ட இடத்தில் வாய்விட்டுச் சிரிப்பது எப்படி இயலும்?

ஆகவே சிரிப்பு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டது. அதற்குத் தமிழ் தந்த சிறந்த கருவி மரியாதைப் பன்மை. தோட்ட நிருவாகிகளுக்காகக் கொழும்பில் 19ஆம் நூற்றாண்டில் வெளிவந்த தமிழ்க் கையேடு ஒன்றின் தலைப்பே 'இங்கே வா'. மலாயாவிலும் தோட்ட நிருவாகிகள் சங்கம் துரைமாருக்குத் தமிழ்த் தேர்வுகள் நடத்தியது. இவர்கள் முதற்கண் கற்ற தமிழ், ஏவல் தமிழ். வா, போ, வெட்டு, எடு என்பவற்றைக் கொண்டு வேலை வாங்கலாம். வாங்க என்பதற்கும் வா என்பதற்கும் இடையே உள்ள ஏளனத்தின் நுட்பத்தைப் பிடிக்க இயலாது. தாத்தா வயதுடையவரையும் "நீ" என்றழைத்த இளந்துரைக்கு முன்னால், தொழிலாளி மட்டுமீறிய பணிவோடு "ஆகட்டுங்க துரை" என்பார். முகத்தில் மாற்றம் இராது. கிராணிக்கு அந்தத் தொனி விளங்கும். ஆனால் அவர் என்னவென்று முறையிடுவார்? சொல்லிலே குற்றமில்லையே. டுவைன் அமெரிக்கருக்கு உரியதென்று எழுதிய இறுகிய முகம் கெடாத் தோட்டத்திலும் இருந்தது. அங்கு அது கதைசொல்லியின் உத்தி. இங்கு அது பாதுகாப்பு.

இதே கருவி லயத்துக்குள் திரும்பும்போது கனிவாகிவிடுகிறது. விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் தாய், எழுந்திராத மகனைப் பார்த்து, "தொரைக்கு இன்னும் விடியலையோ?" என்கிறார். தமிழ்நாட்டிலும் இவ்வாறு சொல்வதுண்டு. ஆனால் அங்குத் துரை என்பது பெரும்பாலோர்க்குத் தொலைவிலிருந்த உருவம். இங்கு இன்னும் சற்று நேரத்தில் பெரட்டுக்களத்தில் எதிரே நிற்கப்போகிறவர். ஒரே தொடர்தான், எடையில் எத்துணை வேறுபாடு!

தாயகத்து நகை அக்காலத்தில் மேடையிலும் ஏட்டிலும் வளர்ந்தது. கல்கியும் எஸ்.வி.வி.யும் படித்த நடுத்தர வகுப்பினரைச் சிரிக்கவைத்தனர். பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' 1941இல் திரைக்கு வந்தது. அதில் எசமானும் பேதை, வேலைக்காரனும் பேதை. பேதைமையையும் மடனையும் கொண்ட அச்சிரிப்பை அரங்கமே அறிவித்துவிடுகிறது. அச்சமின்றிச் சிரிக்கலாம், சிரிப்பதற்கென்றே நுழைவுச்சீட்டு வாங்கியிருக்கிறோம். தமிழ்நாட்டு நகை அனைத்தும் இத்தகையதே என்று சொல்ல மாட்டோம். அங்கும் பண்ணை வயல்களில் ஒளிந்த சிரிப்பு இருந்திருக்கும். அச்சேறி, ஒலித்தட்டேறி நம்மிடம் வந்தது அரங்கத்துச் சிரிப்பு.

1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவித்தொகையுடன் தொழிலாளர் வருவதைத் தடைசெய்தது. பின்னர் ஜப்பானியர் ஆட்சி வந்தது. புதிய பேச்சைக் கொண்டுவரும் புதியவர்களின் வரவு குன்றவே, தோட்டத்துத் தமிழ் தன் போக்கில் இறுகியது. கள்ளுக் குடியரின் உருவம் நல்ல எடுத்துக்காட்டு. மேடைகளிலும் திரையிலும் குடியர் என்றுமே சிரிப்புக்குரிய பாத்திரம். ஆனால் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. 1947இல் பீடோங் வட்டாரத்தில் காவலருடன் மோதல்கள் மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதன் நினைவு வாழ்ந்த வீடுகளில் குடியர் வேடத்தைக் கண்டு எல்லாரும் ஒன்றுபோல் சிரித்திருக்க முடியாது.

இன்று நிலை வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 1996இல் அஸ்ட்ரோ தொலைக்காட்சி வந்தபின் சென்னைத் திரையின் நகைச்சுவை நாள்தோறும் கூடத்துக்கே வருகிறது. கவுண்டமணியும் செந்திலும் வாழைப்பழத்துக்காகச் சண்டையிடுவதை நம் மாணவர் மனப்பாடமாகச் சொல்வர். அதில் குறையில்லை, நாமும் சிரித்தவர்களே. ஆயினும் அதே மாணவர் தம் பாட்டி சொன்ன வேடிக்கையைக் கட்டுரையில் எழுதினால், காடியும் பெரட்டும் சிவப்பு மையால் அடிக்கோடிடப்படுகின்றன. விளக்கப் பகுதியில் பொதுத்தமிழ் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. உரையாடலில் அச்சொற்களைத் திருத்தினால் சிரிப்பு போய்விடும். "தொரைக்கு இன்னும் விடியலையோ?" என்பதை "மகனே, இன்னும் எழவில்லையா?" என்று மாற்றுவது இலக்கணப்படி சரியே; அந்தத் தாய் அங்கு இல்லை.

ஆசிரியர்கள் இவ்வேடிக்கைகளை மாணவரைக் கொண்டு தொகுக்க முனைந்தால், சொல், பொருள் என இரண்டு பத்திகளோடு நிறுத்திவிட வேண்டாம். அது சொல்லப்பட்டபோது அருகில் நின்று கேட்டவர் யார் என்பதற்கு மூன்றாவது பத்தி ஒன்று தேவை. அப்பத்தியில் துரை, கிராணி, கங்காணி என்று நிரப்பத் தெரிந்தவர்கள் எழுபது வயதைக் கடந்துவிட்டனர்.