தண்ணீருக்கு வழி காட்டிய நீதிபதி



அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் இப்போது சொந்த வீடு கட்டுகிறார்கள். பேசும்போது சிலர் ஒரே கவலையைச் சொல்கிறார்கள்: “சார், பேஸ்மென்ட்டில் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.” எந்தப் பூச்சு, எந்தக் குழாய் என்பதை உங்கள் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் குழாய்க்கு ஒரு வரலாறு இருக்கிறது. வரலாறு என் பாடம் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊர்க் கொத்தனார் ‘பேஸ்மட்டம்’ என்று சொல்வது தரைக்கு மேலே எழுப்பும் பகுதி. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறாதபடி இரண்டு மூன்று அடி உயர்த்தி, அதன் மேல் சுவர் வைக்கிறோம். அங்கே பேஸ்மென்ட் என்பது தரைக்குக் கீழே ஏழெட்டு அடி இறங்கும் ஓர் அறை. நாம் தண்ணீருக்குப் பயந்து மேலே ஏறினோம். அவர்கள் தண்ணீர் இருக்கும் இடத்துக்கே இறங்கினார்கள். ஏன்?

குளிர்தான் காரணம். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும் என்று அறிவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். மண்ணில் உள்ள ஈரம் உறைந்தால் மேலே நிற்கும் கட்டடத்தையே தூக்கும். பனி இளகினால் கீழே விடும். சுவர் பிளந்துவிடும். அதனால் உறைபனி இறங்கும் ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரம் போட வேண்டும். மாசசூசெட்ஸில் அந்த ஆழம் சுமார் 4 அடி. நாலடி தோண்டியவன் இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓர் அறையே கிடைத்துவிடும். உருளைக்கிழங்கும் ஆப்பிளும் குளிர்காலம் முழுக்க உறையாமல், அழுகாமல் இருக்க அந்த அறை உதவியது. வயலில் பொறுக்கிய கற்களால் சுவர் கட்டி, குடியானவர் வீடுகளில் எல்லாம் நிலவறை அமைத்தார்கள்.

அங்கேதான் சிக்கலும் தொடங்கியது. களிமண்ணில் ஒரு பெரிய குழி தோண்டி, நடுவில் சுவர் கட்டி, சுற்றியுள்ள இடைவெளியில் தளர்ந்த மண்ணை அள்ளிப் போட்டு மூடுகிறோம். கெட்டியான மண்ணுக்குள் தளர்ந்த மண் இருந்தால் மழைநீர் அங்கேதான் வந்து தேங்கும். வீடு ஒரு தொட்டிக்குள் நிற்பது போல ஆகிவிடுகிறது. தேங்கிய தண்ணீருக்கு எடையும் உண்டு. சுவரின் அடியில் 2 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், அங்கே ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 2 டன் விசை தள்ளும். அறையின் தரைக்குக் கீழே சேர்ந்தால் அதே விசை தரையை மேல்நோக்கித் தள்ளும்.

தடுப்பதுதான் மனிதனுக்கு முதலில் தோன்றிய வழி. நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் செங்கற்களை ஜிப்சக் காரையில் நெருக்கி அடுக்கி, தார் போன்ற நிலக்கீலும் பூசியிருந்தார்கள். உள்ளே உள்ள தண்ணீர் வெளியே போகாமல் இருக்கச் செய்த வேலை அது. வெளியே உள்ள தண்ணீர் உள்ளே வராமல் இருக்கவும் அதே வழியைத்தான் பிற்காலத்தவர் நாடினார்கள். 1824-இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். நிலக்கரி வாயு ஆலைகளில் மிஞ்சிய தாரும் கிடைத்தது. பூசினார்கள். ஆனால் பூச்சில் மயிரிழை விரிசல் ஒன்று போதும். பின்னால் நிற்கும் தண்ணீரின் அழுத்தம் அதைக் கண்டுபிடித்துவிடும்.

வேறு வழியைக் காட்டியவர்கள் கட்டடக்காரர்கள் அல்லர்; விவசாயிகள்.

ஜான் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஊருக்கு அருகே குடியேறிப் பண்ணை வைத்தார். ஈரம் வடியாத களிமண் நிலம். தம் ஊரில் நிலத்துக்கடியில் சுடுமண் ஓடுகளைப் புதைத்து நீரை வடிப்பது அவருக்குத் தெரியும். 1835-இல் அங்கிருந்து மாதிரி ஓடுகளை வரவழைத்தார். உள்ளூர்க் குயவரிடம் அதுபோலக் கையால் செய்யச் சொல்லி, 1838-இல் வயலில் பதித்தார். நல்ல மண்பாண்டத்தைக் கொண்டுபோய் மண்ணில் புதைக்கிறாரே என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். விளைச்சலைப் பார்த்த பிறகு அவர்களும் புதைத்தார்கள். 1840-களில் முறுக்கு அச்சில் மாவைப் பிழிவதுபோலக் களிமண்ணைக் குழாயாகப் பிழியும் இயந்திரங்கள் இங்கிலாந்தில் வந்தன. பின்பு அவை அமெரிக்காவுக்கும் வந்தன, குழாய் மலிந்தது.

இந்த அனுபவங்களை எல்லாம் திரட்டிப் புத்தகமாக்கியவர் ஒரு நீதிபதி. பெயர் ஹென்றி ஃப்ளாக் ஃபிரெஞ்ச். 1813-இல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். வழக்கறிஞர், நீதிபதி, விவசாயத்தில் தீராத ஆர்வம் உள்ளவர். 1859-இல் ‘ஃபார்ம் டிரெயினேஜ்’ என்ற நூலை வெளியிட்டார். பண்ணை வடிகால் பற்றிய அந்த நூலில் வீட்டு நிலவறையை வடிப்பதைப் பற்றியும் தனியாக எழுதினார். நிலவறையில் நிற்கும் ஈரம் வசதிக் குறைவு மட்டுமல்ல, குடும்பத்தின் உடல்நலத்துக்கும் கேடு என்பது அவர் கருத்து. சட்டம் படித்தவர் அல்லவா, வடிகால் பற்றிய சட்டங்களையும் விடவில்லை. என் நிலத்துத் தண்ணீர் அடுத்தவன் நிலத்தைத் தாண்டித்தானே போக வேண்டும்!

இன்று உலகமெங்கும் ‘ஃபிரெஞ்ச் டிரெயின்’ என்கிறார்களே, அதற்கும் பிரான்ஸ் நாட்டுக்கும் தொடர்பில்லை. இந்த நீதிபதியின் பெயர்தான் அது. இவர் பின்னாளில் மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரியின் முதல் தலைவரானார். நாட்டின் கருவூலத் துறையில் துணைச் செயலராகவும் இருந்தார். வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்துக்குப் போனவர்கள் அந்தப் பெரிய லிங்கன் சிலைமுன் நின்று படம் எடுத்திருப்பீர்கள். அதை வடிவமைத்த சிற்பி டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச் இவருடைய மகன். மகன் செய்ததை உலகமே வந்து பார்க்கிறது. தகப்பன் எழுதியது எல்லார் வீட்டு மண்ணுக்குள்ளும் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. இந்த வடிகால் ஏன் வேலை செய்கிறது என்பதைக் கணக்காகச் சொன்னவர் உண்மையிலேயே பிரான்ஸ் நாட்டுக்காரர். தீழோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணலின் வழியே தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சோதித்து 1856-இல் வெளியிட்டார். எந்தப் பொருளின் வழியே ஓடுகிறது என்பதைப் பொறுத்து அந்த வேகம் மாறும். களிமண்ணைவிட ஜல்லியில் பல இலட்சம் மடங்கு எளிதாக ஓடும். ஆகவே சுவரோரம் ஜல்லியும் குழாயும் வைத்தால், தண்ணீர் சுவரைத் துளைத்துக்கொண்டிருக்காது. சுலபமான வழியில் போய்விடும். பின்னால் தண்ணீர் நிற்காதபோது அழுத்தமும் இல்லை.

கனடாவில் இந்தக் குழாயை ‘வீப்பிங் டைல்’, அதாவது அழும் ஓடு, என்பார்கள். சுடுமண் குழாய்களை ஒட்டாமல், சிறு இடைவெளி விட்டு வைப்பார்கள். அந்த மூட்டுகளில் தண்ணீர் கசியும். இன்று ஓட்டுக்குப் பதில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

எல்லாம் சரி, குழாயில் சேர்ந்த தண்ணீர் எங்கே போகும்? சரிவான மனை என்றால் தாழ்ந்த பக்கத்தில் தானாக வெளியேறும். சமதளம் என்றால் ஒரு குழியில் சேர்த்து மோட்டாரால் வெளியேற்ற வேண்டும். அந்தக் குழிக்குப் பெயர் ‘சம்ப்’. நம் ஊரில் சம்ப் என்றால் தண்ணீரைச் சேமிக்கும் தொட்டி. அங்கே தண்ணீரை வெளியே தள்ளும் குழி. மோட்டாரை நம்பும்போது ஓர் ஆபத்து உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் கார்கள் மூழ்கியதைப் பார்த்தோம். பெருமழை பெய்யும் நேரத்தில்தான் மின்சாரமும் போகும். தெருவும் நிரம்பியிருந்தால் இறைத்து எங்கே விடுவது?

வீடு கட்டுகிற பிள்ளைகளே, இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. கூரைத் தண்ணீரை முதலில் கவனியுங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,360 லிட்டர். அதைச் சுவரடியில் கொட்டவிடாதீர்கள்.

2. சுற்றிலும் தரைக்கு நல்ல வாட்டம் வேண்டும். முதல் 10 அடிக்கு 6 அங்குலமாவது வெளிப்புறம் சரிய வேண்டும்.

3. வடிகுழாய் அஸ்திவாரத்தின் பக்கவாட்டில், அறையின் தரைக்குக் கீழே இருக்க வேண்டும். துளைகள் கீழ்நோக்கி இருப்பதைப் பார்த்துத் திகைக்காதீர்கள். நிலத்தடி நீர் கீழிருந்துதான் ஏறும். ஏறும்போதே குழாய்க்குள் போய்விடும். சுற்றிலும் கழுவிய ஜல்லி, அதற்கு வெளியே மண் புகாத துணி. துணி இல்லையென்றால் வண்டல் அடைத்துக்கொள்ளும்.

4. சுவரில் பூசும் கறுப்புப் பூச்சு எந்த வகை என்று கேளுங்கள். ஓதத்தை மட்டும் தடுக்கும் பூச்சு வேறு. அழுத்தத்தோடு வரும் தண்ணீரையும் தடுக்கும் பூச்சு வேறு. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

5. தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழுகிறது என்பதை நீங்களே போய்ப் பாருங்கள். மோட்டார் என்றால் பேட்டரியில் ஓடும் இன்னொன்றும் இருக்கட்டும்.

6. மண் போட்டு மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

சமையலறைக் கல்லை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மண்ணுக்குள் போனதை மாற்ற வீட்டைச் சுற்றித் தோண்ட வேண்டும். செலவும் பல மடங்கு. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வாரிக் கொடுத்துவிட்டு, புதைந்துபோகும் வேலையில்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கிறார்கள். ஜான்ஸ்டனைப் பார்த்துச் சிரித்தவர்களும் அப்படி நினைத்தவர்கள்தான்.

வீடு கட்டும் நண்பர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் இதை அனுப்புங்கள். அங்கே ஏற்கெனவே கட்டி, இரண்டு மூன்று பனிக்காலம் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதினால், அடுத்துக் கட்டப்போகும் தம்பி தங்கைகளுக்கு உதவும்.

எல்லாரும் நலமாக இருங்கள்.