டோரேமானுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது யார்?



விடுமுறைக்கு ஷார்ஜாவிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். ஏழு வயது. பள்ளியில் ஆங்கிலம், வீட்டிலும் பாதி ஆங்கிலம். பையனுக்குத் தமிழே வராமல் போய்விடுமோ என்று எனக்கு உள்ளூரப் பயம். வந்த அன்று சாயங்காலம் வெள்ளாற்றங்கரையில் நின்று, "பாட்டி, எவ்வளவு அருமையான காத்து!" என்றான். 'அருமையான' என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. எங்கேடா கத்துக்கிட்டே என்றேன். "டோரேமான்ல" என்றான். அடுத்த கேள்வியும் அவனே கேட்டான்: "அது ஜப்பான் பூனைதானே பாட்டி, அதுக்கு யாரு தமிழ் சொல்லிக்கொடுத்தா?"

34 வருடம் டீச்சர் வேலை பார்த்தவளுக்குப் பதில் வரவில்லை. தேடிப் படித்தேன். படித்ததை வழக்கம்போல உங்களுக்கும் சொல்கிறேன்.

தமிழில் இந்த வேலைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 1943இல் கன்னடத்தில் வந்த 'ஹரிச்சந்திரா' படத்தை ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் 1944இல் தமிழ்க் குரல்களோடு வெளியிட்டார். தமிழின் முதல் டப்பிங் படம் அதுதான். ஃபிலிம் காலத்தில் சுருளைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கித் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். வாயசைவு பார்த்துப் பேசிப் பேசிப் பொருத்த வேண்டும்.

இதில் நம் இலக்கணப் பாடமும் இருக்கிறது, பிள்ளைகளே. ப, ம இரண்டும் உதடு சேர்ந்தால்தான் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்லியிருப்பது நினைவிருக்கிறதா? திரையில் நடிகர் உதட்டை மூடும் இடத்தில் தமிழிலும் ஒரு ப-வோ ம-வோ வந்தால்தான் ஒட்டும். வசனம் எழுதுபவர் அதைப் பார்த்துத்தான் சொல்லைத் தேடுவார். கார்ட்டூனில் வாய் திறந்து மூடுவதோடு சரி. ஆனால் வாய் நிற்கும்போது பேச்சும் நிற்க வேண்டும்.

நாம் ரசித்த எத்தனையோ குரல்கள் இரவல் குரல்களே. நடிகர் மோகனுக்குப் பல படங்களில் பேசியவர் பாடகர் எஸ்.என். சுரேந்தர். 'பம்பாய்' படத்தில் மனீஷா கொய்ராலாவுக்கும் 'இருவர்' படத்தில் ஐஸ்வர்யா ராய்க்கும் பேசியவர் நடிகை ரோகிணி. 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் பேசியவர் அப்போது வாய்ப்புக்காகப் போராடிக்கொண்டிருந்த விக்ரம். 'ராஜா ராணி'யில் நயன்தாராவுக்குப் பேசியவர் தீபா வெங்கட். தமிழக அரசும் இவர்களுக்குத் தனி விருது வைத்திருக்கிறது.

டோரேமான் பிறந்த ஜப்பானில் என்ன நிலைமை? 1979இல் தொடங்கிய தொடரில் அந்தப் பூனைக்குப் பேசியவர் நொபுயோ ஒயாமா என்ற அம்மையார். நோபிதா பையனுக்குப் பேசியவரும் ஒரு பெண்தான், நொரிக்கோ ஒஹாரா. பையன்களின் குரல் வளர வளர உடைந்துவிடும். பெண் குரல் அப்படியே நிற்கும். இருவரும் 26 வருடம் பேசினார்கள். 2005இல் முக்கியக் குரல்கள் எல்லாமே மாற்றப்பட்டன. புதிய டோரேமானாக வசாபி மிசுதா வந்தார்.

ஒயாமாவுக்குப் பிறகு மறதி நோய் வந்தது. 2015இல் அவர் கணவர்தான் அதை உலகுக்குச் சொன்னார். அந்தக் கணவரும் 2017இல் போய்விட்டார். 2024 ஜூலையில் ஒஹாரா 88 வயதில் மறைந்தார். செப்டம்பர் 29 அன்று, 90 வயதில் ஒயாமாவும் மறைந்தார். முகம் காட்டாத அந்த இருவரையும் பெயர் சொல்லி நாடே நினைவுகூர்ந்தது. 1986 முதல் 'டிராகன் பால்' கோகுவாகப் பேசும் மசாகோ நொசாவா 1936இல் பிறந்தவர். அவரையும் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நம் ஊரில்? 2019இல் 'தி லயன் கிங்' தமிழில் வந்தபோது அரவிந்த்சாமி, சித்தார்த், ரோபோ சங்கர் பேசியிருக்கிறார்கள் என்று விளம்பரம் செய்தார்கள். நட்சத்திரம் பேசினால் பெயர் வரும். பேரனோடு உட்கார்ந்து டோரேமானைக் கடைசி எழுத்து ஓடும்வரை பார்த்தேன். தமிழில் பேசியவர் பெயர் ஒன்றுகூட வரவில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. இன்று கணினியே ஒருவர் குரலைப் படியெடுக்கிறது. 'லால் சலாம்' பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர். ரகுமான் அப்படித்தான் கொண்டுவந்தார். ஆனால் இரு குடும்பங்களிடமும் அனுமதி கேட்டு, உரிய பணமும் கொடுத்தார். பெயரே இல்லாத குரலுக்கு யார் வந்து அனுமதி கேட்பார்கள்?

சாக்பீஸ் தூசியிலும் கத்தலிலும் தேய்ந்த குரல் என்னுடையது. இருந்தாலும் சிங்கப்பூரிலிருந்து எவனாவது போன் போட்டு "டீச்சர், உங்க குரல் மாறவே இல்ல" என்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவு சந்தோஷம். என் பேரனுக்கு 'அருமை' என்ற சொல்லைக் கொடுத்தவருக்கும் அப்படி ஒரு போன் வர வேண்டாமா?

சென்னையில் டிவியிலும் ஸ்டுடியோவிலும் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, முடிந்தால் கடைசியில் அந்த நாலு பெயரைப் போடச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் குழந்தைகளைத் தமிழில் பார்க்க விடுங்கள்.

பேரன் ஊருக்குப் போய்விட்டான். போகும்போது அவனுக்குச் சொன்ன பதில் இதுதான்: "உன் பாட்டி மாதிரி ஒரு டீச்சர்தான்டா சொல்லிக்கொடுத்தாங்க. பெயரைக் கண்டுபிடிச்சதும் சொல்றேன்."

அன்புடன்,
உங்கள் டீச்சர்